டாக்டரம்மாவுக்காகப் பட்டினி

எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவ்வாய்க்கிழமை என்றால் சர்க்கரை நாள். புதுப்பட்டினத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவே, கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளி இருக்கிறது அந்த நிலையம். சர்க்கரைக்காரர்களையும் கொதிப்புக்காரர்களையும் மாதம் ஒரு முறை வரச் சொல்லி, விரலில் குத்திப் பார்த்து, அடுத்த மாதத்துக்கான மாத்திரையைக் கொடுத்து அனுப்புவார்கள். ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு செவ்வாய். எங்கள் தெருவுக்கும் அடுத்திருக்கும் மீனவர் குப்பத்துக்கும் இரண்டாம் செவ்வாய்.

நான் செங்கல்பட்டுப் பேருந்து நிலையத்தில் நேரக் காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். எந்த வண்டி வந்தது, எது கிளம்பியது, எது ஏன் தாமதம் என்று எழுதுவதுதான் பிழைப்பு. ஓய்வு பெற்ற பிறகும் கை சும்மா இருக்கவில்லை. வண்டிகளுக்குப் பதிலாக ஊர் நடப்பை எழுதிவைக்கிறேன். கடல் எந்த ஆண்டு எந்த வீடு வரை ஏறியது, தெருவுக்குக் குழாய் எந்த மாதம் வந்தது, இப்படி. யாரும் கேட்காத வேலை. இதனால்தான் போலிருக்கிறது, நிலையத்தின் நோயாளர் நலச் சங்கத்தில் என்னை உறுப்பினராகப் போட்டார்கள். கூட்டக் குறிப்பு எழுத ஓர் ஆள் தேவைப்பட்டிருக்கும்.

டாக்டரம்மா எங்களிடம் வந்தது கொரோனாவுக்குப் பிந்தைய ஆண்டுகளில் ஒன்றில், மாசி மகத்துக்காக இருளர் குடும்பங்கள் மாமல்லபுரம் கடற்கரையில் கூடாரம் போட்டிருந்த வாரம். அதற்கு முன் நிலையத்துக்கு நிரந்தரமாக மருத்துவர் இல்லை. வேறு ஊரிலிருந்து வாரத்தில் இரண்டு நாள் ஒருவர் வந்து போவார். அவரும் மாறுவார். ஒருவரிடம் முழங்கால் வலியைச் சொல்லி முடிப்பதற்குள் அடுத்தவர் வந்து முதலிலிருந்து கேட்பார். இந்த அம்மா வந்து மூன்று மாதம் ஆன பிறகும் அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தது எங்கள் ஊருக்குப் பெரிய செய்தி.

அவருக்குத் தெற்கே திருநெல்வேலிப் பக்கம். கணவருக்கு மறைமலைநகரில் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை. கம்பெனி பஸ் ஏற வசதியாகச் செங்கல்பட்டில் வீடு பிடித்திருந்தார்கள். பள்ளிக்கூடம் போகும் ஒரு மகள். அந்த அம்மா தினமும் திருக்கழுக்குன்றம் வழியாக வரும் பேருந்தில் வந்து இறங்குவார். அந்தத் தடத்தைப் பற்றி எனக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. திருக்கழுக்குன்றத்தில் திருவிழா என்றால் வண்டி ஊர்ந்துதான் வரும். அப்படியும் அவர் நாற்காலியில் உட்காரும்போது வரிசை நீண்டிருக்காது.

அவர் பார்த்த விதம் எங்களுக்குப் புதிது. "நேத்து ராத்திரி என்ன சாப்ட்டீங்க?" என்றுதான் ஆரம்பிப்பார். மீன் விற்கும் அக்கா ஒருத்தி எங்கள் தெரு முனையில் கடை போடுவாள். குப்பத்துக்காரி, குரல் கடலுக்குக் கேட்கும். அவளிடம் முதல் முறை இப்படிக் கேட்டபோது, "இன்னாத்துக்குக் கேக்குற, நீ வந்து துன்னப் போறியா?" என்றாள். டாக்டரம்மா சிரித்துவிட்டு, "கூப்பிட்டா வர்றேன். மீன் குழம்பா?" என்றார். அன்றிலிருந்து அந்த அக்கா அவருடைய கட்சி.

ஆனால் அந்த அம்மாவுக்கு நிமிர்ந்து முகம் பார்க்க நேரம் கிடைப்பது கஷ்டம். வருகிற ஒவ்வொருவரையும் கையடக்கக் கருவியில் ஏற்ற வேண்டும். பெயர், வயது, சர்க்கரை அளவு, கொதிப்பு அளவு, கொடுத்த மாத்திரை. ஏற்றினால்தான் மாத்திரை இருப்புக் கணக்கு நேராகும். அதற்குத் தனி ஆள் கிடையாது. செவிலியர் ஒருவர், பிரசவமும் தடுப்பூசியும் அவர் தலையில். ஆகையால் டாக்டரம்மா ஒரு கையால் நாடி பிடித்தபடி இன்னொரு கையால் கருவியைத் தட்டிக்கொண்டிருப்பார். மாமல்லபுரத்தில் கல்பட்டறை வைத்திருக்கும் ஒருவர் எங்கள் வரிசையில் உண்டு. கல் அறுக்கும் இயந்திரத்தின் பக்கத்திலேயே வாழ்ந்ததால் எதையும் கத்தித்தான் சொல்வார். அவர் ஒருநாள், "டாக்டரம்மா, வியாதி எனக்கா, அந்தப் பொட்டிக்கா?" என்று கேட்டுவிட்டார். அந்த அம்மா முகம் வாடியது. "உங்களுக்குத்தான்ணா. ஆனா இதுக்குப் பதில் சொல்லலன்னா எனக்கு வந்துரும்" என்றார்.

அது விளையாட்டுப் பேச்சு இல்லை என்று எங்களுக்குத் தெரிந்தது மீன்பிடித் தடைக்காலத்துச் சர்க்கரை நாள் ஒன்றில். படகெல்லாம் கரையில் கிடந்ததால் குப்பத்து ஆண்களும் அன்றைக்கு வரிசையில் இருந்தார்கள். மேலதிகாரி மாதம் ஒருமுறை எல்லா நிலைய மருத்துவர்களையும் காணொளியில் கூப்பிட்டு ஆய்வு நடத்துவார். வழக்கமாக அது மதியத்துக்கு மேல்தான் நடக்கும். அன்று முன்னதாகவே கூப்பிட்டுவிட்டார்கள். அறைக்கதவு திறந்திருந்தது. மின்விசிறி ஓடாததால் சத்தம் தெளிவாகக் கேட்டது.

ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு நிறம். வந்தவர்களில் சர்க்கரை கட்டுக்குள் இருப்பவர்கள் அதிகம் என்றால் பச்சை, நடுவே என்றால் மஞ்சள், குறைவென்றால் சிவப்பு. நிலையத்தின் பெயரோடு மருத்துவரின் பெயரையும் சேர்த்து வாசித்தார்கள். எங்கள் நிலையம் சிவப்பு.

"தொடர்ந்து சிவப்பாவே இருக்கு. என்னம்மா பண்றீங்க அங்க?" என்றது அந்தக் குரல்.

"சார், முன்னாடி வராதவங்க எல்லாம் இப்ப வர ஆரம்பிச்சிருக்காங்க. அவங்க அளவு அதிகமாத்தான் இருக்கும். அதனால..."

"எல்லாரும் இதையேதான் சொல்றாங்க. அடுத்த மாசம் மாறலைன்னா விளக்கம் கேட்க வேண்டி வரும். அடுத்த நிலையம்."

அவர் சொன்ன காரணம் உண்மை என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். அந்த வரிசையிலேயே பாதிப் பேர் அந்த அம்மா வந்த பிறகுதான் நிலையத்தின் படி ஏறியவர்கள். யாரும் வராத நிலையத்தைவிட எல்லோரும் வருகிற நிலையம் சிவப்பாகத் தெரியும். கணக்கின் அமைப்பு அப்படி. பழைய மாவட்ட விவரப் புத்தகங்களை நான் விரும்பிப் படிப்பவன். எந்தக் காலத்திலும் மேலே இருப்பவர் கேட்ட கேள்விக்குத்தான் கீழே இருப்பவர் விடை எழுதியிருக்கிறார் என்பது அவற்றைப் படித்தால் புரியும். கேள்வி கோணலாக இருந்தால் விடையும் கோணலாகத்தான் போய்ச் சேரும்.

டாக்டரம்மா வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது. ஒன்றும் நடக்காதது போல, "அடுத்து யாரு?" என்றார். யாரும் எழுந்திருக்கவில்லை. மீன்கார அக்காதான் கேட்டாள்.

"இன்னாம்மா, எங்களுக்கு சக்கர ஏறினா உனக்கா திட்டு?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லக்கா. விரலக் காட்டுங்க."

"இப்படியே திட்டிகினு இருந்தா நீ போய்டுவ இல்ல?"

டாக்டரம்மா குனிந்து அவள் விரலில் குத்தினார். ஆண்டுக்கு ஒருமுறை இடமாறுதல் கலந்தாய்வு வரும், செங்கல்பட்டுக்கு உள்ளேயே இடம் கேட்டால் மகளைப் பள்ளிக்கு விட்டுவிட்டு வேலைக்குப் போகலாம் என்று செவிலியர் ஏற்கெனவே எங்கள் காதில் போட்டிருந்தார். ஆக, எங்கள் பயம் வெறும் பயமாக இல்லாமல் கணக்காகிவிட்டது. இந்த அம்மா போனால் மறுபடி வாரத்தில் இரண்டு நாள் டாக்டர்.

அதற்கடுத்த மாதம் எங்கள் நிலையம் மஞ்சள். அதற்கும் அடுத்த மாதம் பச்சை.

சங்கக் கூட்டத்தில் டாக்டரம்மா இதைச் சொன்னபோது நான் கைதட்டி, குறிப்பில் பாராட்டும் எழுதினேன். அவர் மட்டும் முழுசாகச் சந்தோஷப்படவில்லை. கூட்டம் முடிந்து மின்விசிறியை அணைக்கும்போது, "சார், அந்தக் கல்பட்டறை அண்ணாவுக்குக் கால்ல புண்ணு. சர்க்கரை அளவு நல்லா இருக்கு, புண்ணு ஆறவே மாட்டேங்குது. எனக்குக் கணக்கு இடிக்குது" என்றார். கல்தூளும் தண்ணீரும் பட்ட புண் ஆற நாளாகும் என்று நான் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.

ஆடி பிறந்தது. அம்மன் கோயில்களில் கூழ் ஊற்றத் தொடங்கியிருந்தார்கள். இரண்டாம் செவ்வாயன்று என் கொதிப்பு மாத்திரைக்காக நான் வரிசையில் நடுவில் இருந்தேன். எனக்கு முன்னே மீன்கார அக்கா. வழக்கமாக வரிசையையே நடத்துகிறவள் அன்று பேச்சில்லாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முகமெல்லாம் வேர்வை. "இன்னாக்கா, பொணம் மாரி குந்திகினு கீற?" என்றார் கல்பட்டறைக்காரர். அவள் பதில் சொல்ல வாயைத் திறந்தாள், வார்த்தை குழறியது. பிறகு அப்படியே பக்கவாட்டில் சரிந்தாள்.

டாக்டரம்மா ஓடிவந்த வேகத்தில் அவர் செருப்பு ஒன்று அறையிலேயே நின்றுவிட்டது. தரையில் மண்டியிட்டு விரலில் குத்தினார். சர்க்கரை பார்க்கும் கருவியில் வந்த எண்ணைப் பார்த்ததும் செவிலியரைப் பார்த்து ஒரு சொல்தான் சொன்னார்: "குளுக்கோஸ்." அங்கேயே, தரையிலேயே, நரம்பில் ஊசி ஏற்றினார்கள். நாங்கள் ஆண்கள் சுற்றி நின்று ஒருவரையொருவர் காற்று வரட்டும், விலகு என்று சொல்லிக்கொண்டு விலகாமல் நின்றோம்.

கொஞ்ச நேரத்தில் அக்காவின் கண் திறந்தது. கூரையைப் பார்த்தாள், டாக்டரம்மாவைப் பார்த்தாள். முதல் பேச்சு இதுதான்:

"எவ்ளோ வந்துச்சும்மா? பச்சையா?"

டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை. "என்னக்கா பச்சை?"

அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டாள். சுற்றி நின்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். எனக்கும் ஒன்றும் விளங்கவில்லை என்பதைக் கண்டு, கல்பட்டறைக்காரர்தான் தொண்டையைச் செருமினார். வாழ்க்கையில் முதன்முறையாக மெதுவான குரலில் பேசினார்.

"அது இன்னான்னா டாக்டரம்மா... நீங்க திட்டு வாங்கறீங்கன்னு... முந்தின நாளு ராத்திரி நாங்க யாரும் துன்றதில்ல."

"யாரும்னா?"

"குப்பத்துல எல்லாரும். எங்க தெருவுலயும் பாதிப் பேரு. வெந்தயத் தண்ணி குடிப்போம். பாவக்கா அரைச்சிக் குடிப்போம். மாத்திர மட்டும் கொஞ்சம் சேத்து..."

"சேத்துன்னா?"

"ரெண்டா."

அக்கா படுத்தபடியே சேர்த்துக்கொண்டாள். "நான் நேத்து மத்தியானமே துன்னல. போன மாசம் எனக்கு எல்லைக்குக் கொஞ்சம் மேல போயிடுச்சின்னு நர்சம்மா சொன்னாங்க இல்ல. என்னால உனக்கு மார்க் கொறையக்கூடாதுன்னு மூணு மாத்திர போட்டேன்."

மாதாந்திரப் பரிசோதனையைத் தெருவே ஒரு பரீட்சையாக நடத்தியிருக்கிறது. முந்தைய நாள் மாலையில் வீடு வீடாக ஞாபகப்படுத்துவாளாம் அக்கா: "நாளிக்கி பரீட்ச, அடுப்ப அணை." தாங்கள் பெயிலானால் டீச்சருக்கு அடி விழும் என்று பிள்ளைகள் சேர்ந்து படித்த மாதிரி. என் மனைவிக்குக்கூடத் தெரியும். என்னிடம் மட்டும் யாரும் மூச்சுவிடவில்லை. ஏன் என்று பிறகு அவளிடம் கேட்டேன். "நீங்க எழுதி வச்சிட்டீங்கன்னா?" என்றாள்.

டாக்டரம்மா கோபப்பட்டார். நான் அவரை அதற்கு முன்னும் பின்னும் அப்படிப் பார்த்ததில்லை. "இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தா என்ன ஆகியிருக்கும் தெரியுமா? வீட்டிலேயே தூக்கத்துல ஆகியிருந்தா? யாரு பதில் சொல்றது? எனக்காகவா செத்துப் போவீங்க?" என்று கத்தினார். கத்தக் கத்தவே அழுகை வந்துவிட்டது. அக்கா ஊசி ஏறாத கையை நீட்டி அவர் முழங்கையைத் தட்டிக்கொடுத்து, "சரி வுடும்மா, வுடு. இனிமே துன்றோம்" என்றாள். சாக இருந்தவள் பிழைக்கவைத்தவளைத் தேற்றிக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் செவிலியர் கையடக்கக் கருவியைக் கொண்டுவந்தார். வழக்கப்படி அளவை ஏற்றியிருக்கிறார். டாக்டரம்மா அதை வாங்கிப் பார்த்தார், வெகுநேரம் பார்த்தார். பிறகு திரையை எங்கள் பக்கம் திருப்பினார். அக்காவின் பெயருக்கு எதிரே பச்சை.

ஒருவரின் அளவு குறிப்பிட்ட எல்லைக்குக் கீழே இருந்தால் பச்சை. அவ்வளவுதான் அந்தக் கருவிக்குச் சொல்லிவைத்திருக்கிறார்கள். எவ்வளவு கீழே என்று அது கேட்கவில்லை. ஒரு உயிர் கைநழுவப் பார்த்த எண், நிலையத்தின் நல்ல கணக்கில் சேர்ந்துவிட்டது.

அந்த வாரமே டாக்டரம்மா குப்பத்திலும் எங்கள் தெருவிலும் பலரிடம் ரத்தம் எடுத்து மூன்று மாதச் சராசரி பார்க்கும் பரிசோதனைக்குச் செங்கல்பட்டுக்கு அனுப்பினார். ஒருநாள் பட்டினியெல்லாம் அதில் எடுபடாது என்று விளக்கினார். "மூணு மாசம் பின்னாடி போய்ப் பாக்குதா? அது இன்னா, ரோட்டுல வக்கிற கேமராவா?" என்றார் கல்பட்டறைக்காரர். முடிவு வந்தபோது அவருடையதுதான் எல்லாவற்றிலும் மோசம். புண் ஏன் ஆறவில்லை என்பதற்குக் கல்தூளைக் குற்றம் சொன்ன என் மருத்துவ அறிவு அன்றோடு ஓய்வு பெற்றது. அவருக்கு ஊசி மருந்து தொடங்கினார்கள். கால் தப்பியது.

அடுத்த இரண்டாம் செவ்வாயன்று டாக்டரம்மா புது ஏற்பாடு வைத்தார். வருகிறவர்கள் வழக்கம்போலச் சாப்பிட்டு, வழக்கமான மாத்திரை போட்டு வர வேண்டும். வாசலிலேயே செவிலியர் கேட்பார். சாப்பிடவில்லை என்றால், பக்கத்துக் கடையில் நாஸ்தா முடித்துவிட்டுத்தான் உள்ளே. என்ன வருகிறதோ அதுதான் ஏறும். ஏறியது. நிலையம் நேரே பச்சையிலிருந்து சிவப்புக்கு விழுந்தது. விளக்கம் கேட்டு ஓலை வந்தது. திடீரென்று இவ்வளவு சரிவு எப்படி, முந்தைய மாதங்களின் பதிவுகள் சரியானவையா என்று அதில் கேட்டிருந்தார்கள். நேர்மையாகப் பதிந்ததற்காகப் பொய்ப் பதிவு செய்தவர் என்ற சந்தேகம் அவர் மேலே விழுந்தது.

இதற்குள் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டது. மழை விட்ட ஒரு நாளில் மேலதிகாரியே நேரில் வந்தார். காணொளியில் கேட்ட குரலை வைத்து நான் ஒரு பெரிய உருவத்தைக் கற்பனை செய்திருந்தேன். வந்தவர் மெலிந்தவர், மழையில் பேன்ட்டின் அடி நனைந்திருந்தது, கையில் இரண்டு கைபேசிகள், இரண்டும் மாறிமாறி அடித்தன. சங்க உறுப்பினர்களை உட்காரவைத்து, டாக்டரம்மா எல்லாவற்றையும் சொன்னார், பட்டினி உட்பட. அதிகாரி நம்பாமல் கேட்டுக்கொண்டிருந்தார். "மேடம், ஒரு ஊரே சேர்ந்து டாக்டருக்காகச் சாப்பிடாம இருந்ததா நான் மேலே எழுத முடியுமா?"

கூட்டத்துக்கு அழைப்பில்லாத ஒருத்தி வாசலில் இருந்து பதில் சொன்னாள்.

"எழுது சார். நான்தான் அது."

மீன்கார அக்கா உள்ளே வந்து, காலி நாற்காலி இல்லாததால் மாத்திரைப் பெட்டியின் மேல் உட்கார்ந்தாள். செவிலியர் கண்ணால் அதட்டியதை அவள் கவனிக்கவில்லை.

"அந்தம்மாவ நீதானே திட்டின? டீவில பேசினது நீதானே?"

"திட்டலம்மா. ஆய்வு பண்ணோம்."

"ஆய்வுன்னா கதவ மூடிகினு பண்ணு சார். ஊருக்கே கேக்குது. அவங்க அழுதுகினு வந்து எங்களுக்கு ஊசி போட்டா நாங்க இன்னா பண்றது?"

அதிகாரி கைபேசியைக் கவிழ்த்து வைத்தார். "அம்மா, எனக்கும் மேல ஒருத்தர் இருக்கார். அவரும் மாசாமாசம் கலர்தான் பார்க்கிறார். என் பேரையும் வாசிப்பாங்க."

"அய்ய, உனக்கும் வுழுதா?" அக்காவின் குரல் சட்டென்று இறங்கிவிட்டது. "பேஜாருதான் சார் உனக்கும். இன்னா சக்கர உனக்கு? பாத்தியா?"

டாக்டரம்மா உட்பட எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அதிகாரியும் சிரித்தார், அளவைச் சொல்லவில்லை. அந்தச் சிரிப்பின் நடுவில்தான் டாக்டரம்மா கருவியை அவர் முன்னால் வைத்து, ஆடி மாதச் செவ்வாயின் பதிவைக் காட்டினார். எண்ணைப் பார்த்தார். நிறத்தைப் பார்த்தார். அவரும் மருத்துவர்தானே. சிரிப்பு நின்றுவிட்டது.

"இதையா பச்சைன்னு காட்டுது?"

"ஆமா சார்."

"இந்தப் பேஷன்ட்?"

"பெட்டி மேல உட்கார்ந்திருக்காங்க சார்."

அவர் திரும்பி அக்காவைப் பார்த்தார். பிறகு என்னிடம், "தீர்மானம் போடுங்க. நடந்ததை நடந்த மாதிரி எழுதிக் கொடுங்க. நான் என் குறிப்பையும் சேர்த்து அனுப்புறேன்" என்றார்.

நான் எழுதினேன். கேட்டது மூன்று. ஒன்று, ஆபத்தாகக் குறைந்த அளவுக்குத் தனி அடையாளம் வேண்டும். இரண்டு, மருத்துவரின் பெயரைச் சொல்லி நிறம் வாசிக்கக் கூடாது. வாசிப்பதானால் எத்தனை பேர் புதிதாக வந்தார்கள், எத்தனை பேர் விடாமல் வருகிறார்கள் என்பதையும் வாசிக்க வேண்டும். மூன்று, கருவியில் ஏற்ற ஓர் ஆள் வேண்டும், மருத்துவர் நோயாளியின் முகத்தைப் பார்ப்பதற்காக. கடைசி வரியை அலுவல் நடையில் எழுத முயன்று, முடியாமல் அப்படியே விட்டுவிட்டேன்.

என்ன நடந்தது என்பதையும் எழுத வேண்டும். டாக்டரம்மாவிடம் கேட்ட விளக்கம் ஏற்கப்பட்டு முடித்துவைக்கப்பட்டது. மாதாந்திரக் காணொளியில் பெயர் வாசிப்பது நின்றது. சிவப்பு நிலையங்களை அதிகாரி தனியாகத் தொலைபேசியில் கூப்பிட்டுப் பேசினார். பதிவு செய்ய ஒரு பெண் வாரத்தில் இரண்டு நாள் வந்தாள். மற்ற நாட்களில் பழைய கதைதான். தை கழிந்து, கருவியில் வந்த புது மாற்றத்தில், குறைந்த அளவுக்குத் தனி நிறம் கொடுத்திருந்தார்கள். அது எங்கள் தீர்மானத்தால்தான் என்று எழுத என்னிடம் ஆதாரம் இல்லை. இன்னும் பல ஊர்களில் இருந்தும் எழுதியிருப்பார்கள். அங்கேயும் ஒருத்தி விழுந்திருப்பாள்.

கலந்தாய்வு மறுபடி வந்தது. டாக்டரம்மா செங்கல்பட்டை எடுத்துக்கொண்டார்.

எங்களிடம் மறைக்கவில்லை. அடுத்த சர்க்கரை நாளில் வரிசை முடிந்த பிறகு எல்லோரையும் உட்காரவைத்துச் சொன்னார். "திட்டுக்குப் பயந்து போகல. போன வருஷம் போயிருந்தா அதுக்காகத்தான் போயிருப்பேன். இப்ப பாப்பாவுக்காகப் போறேன். அவ பள்ளிக்கூடத்துல இருந்து வர்றப்ப வீட்டுல நான் இருந்ததே இல்ல."

நான் அக்காவைப் பார்த்தேன். ஏதாவது சத்தம் போடுவாள் என்று நினைத்தேன். அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "போம்மா. பொட்டப் புள்ள தனியா குந்திகினு இருக்கலாமா? ஒரு வருசத்துக்கு முன்னால சொல்லியிருந்தா நாங்களே அனுப்பியிருப்போம்" என்றாள். அது பொய். ஒரு வருடத்துக்கு முன் இவரை நிறுத்திவைக்கத்தான் அவள் மூன்று மாத்திரை போட்டாள். யாரும் அதைச் சொல்லிக்காட்டவில்லை. கல்பட்டறைக்காரர் சின்னதாக ஒரு கல் ஆமை செய்துகொண்டு வந்திருந்தார், பாப்பாவுக்கு.

புது டாக்டர் வர ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. வந்தவர் சின்னப் பையன், படிப்பை முடித்து முதல் வேலை. சட்டையின் மடிப்பு கலையாமல் உட்கார்ந்திருந்தார். அவர் வந்த பிறகு எங்களுக்கு முதல் சர்க்கரை நாள். வரிசையில் முதல் ஆள் அக்கா. நான் அவளுக்குப் பின்னால் இருந்ததால் எல்லாம் காதில் விழுந்தது.

அவர் விரலில் குத்திப் பார்த்தார், எண் ஏறியிருந்தது. நெற்றி சுருங்கியது. கருவியை இழுத்தார்.

"சார், ஒரு நிமிசம்" என்றாள் அக்கா. "எங்க ஊரு கொஞ்சம் செவப்பாதான் வரும். பயந்துக்காத. நாங்க வூட்டுல துன்னுட்டுதான் வருவோம். உள்ளது உள்ளபடிதான் வரும். யாராச்சும் உன்னக் கேட்டா, என்னாண்ட வந்து கேக்கச் சொல்லு."

அவருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. செவிலியரைப் பார்த்தார். செவிலியர் உதட்டை மூடிக்கொண்டு மாத்திரை எண்ணினார்.

"சரிங்கம்மா" என்றார் கடைசியில். "ஆனா ஏன் இவ்ளோ ஏறியிருக்கு?"

அக்கா ஸ்டூலை மேசைக்கு நெருக்கி இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"அப்படிக் கேளு. நேத்து காலைல இருந்து சொல்லவா? காலைல ஆறு இட்லி, அதுல ரெண்டு எம்பேரன் வச்சிட்டுப் போனது..."

வரிசையின் பின்பக்கத்திலிருந்து முணுமுணுப்பு கிளம்பியது. டாக்டர் கருவியைத் தள்ளி வைத்துவிட்டு, கன்னத்தில் கைவைத்துக் கேட்கத் தொடங்கினார்.